பலகை மாறும்வரை

கதை ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முதல் வரிசையில் பாதிப் பேர் சிரித்தார்கள். நடு வரிசையில் ஒருத்தி கன்னத்தில் கைவைத்துச் சொக்கிப்போயிருந்தாள். கடைசி வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே கதைதான், ஆட்டுக்குட்டி ஒன்று நரியைத் தேடிப் போன கதை. ஆனால் பயந்த பிள்ளைக்கு நரி சிநேகமாகிவிட்டது. சலித்துப்போன பிள்ளைக்கு நரிக்குச் சிறகு முளைத்தது. ஆட்டையே பிடிக்காத ஒரு பிள்ளைக்கு ஆடு பாதிக் கதையில் ஊருக்குக் கிளம்பிவிட்டது.

பிள்ளைகளின் இரண்டு காதிலும் புளியங்கொட்டை அளவில் இசைவி இருந்தது. மேசையில் ஆளுக்கொரு இசைதாள். காதுக்குள் ஓடும் ரத்தத்தின் துடிப்பை இசைவி கவனிக்கும், முகத்தை இசைதாள் கவனிக்கும். பிள்ளை முகம் சுளித்தால் அடுத்த வரி மாறும். இன்னும் சுளித்தால் போன வரியே அழிந்து வேறாகிவிடும். காதில் விழுகிற வார்த்தை அதே நேரத்தில் தாளில் எழுத்தாக ஒளிரும். பிடித்த வார்த்தை, பிடித்த நேரத்தில், பிடித்த கதைக்குள் வந்தால் எழுத்து மனதில் ஒட்டாமல் எங்கே போகும்? நன்றாகவே ஒட்டியது. சங்குத்துறை அரசு தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளை நியாயவிலைக் கடை அறிவிப்பைக் கடகடவென்று வாசித்தது. பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மாலை, பொன்னாடை, புகைப்படம் எல்லாம் நடந்தது.

முதல் வகுப்பு ஆசிரியை பெர்பெத்துவாவுக்கு மிஞ்சிய வேலை விளக்குப் பார்ப்பது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு விளக்கு உண்டு. பிள்ளை மனம் கதையில் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். அவளுக்கும் இரண்டு காதுக்கும் இசைவி கொடுத்திருந்தார்கள், பள்ளி நேரம் முழுக்கக் கழற்றக் கூடாது என்பது விதி. எந்த மேசையில் மஞ்சள் என்று அது காதில் சொல்லும். அவள் போய்த் தட்டிக்கொடுப்பாள். தொண்டை கிழியக் கதை சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு இது சம்பளத்தோடு கிடைத்த ஓய்வு என்று மற்ற ஆசிரியைகள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

பிள்ளைகளுக்கென்று வந்த பொருள் பெரியவர்கள் காதுக்குப் போகாமல் இருக்குமா? இந்த ஊரில் எதுதான் அப்படி இருந்திருக்கிறது? மாமியார் பேச்சைக் கேட்க மருமகள் மாட்டிக்கொண்டாள். மேலதிகாரி பேச்சைக் கேட்க எழுத்தர் மாட்டிக்கொண்டார். பேசுகிறவர் குரல் அப்படியே இருக்கும், வார்த்தை மட்டும் கேட்கிறவர் மனதுக்குத் தக்கபடி மடங்கி வரும். உதடு ஒன்று சொல்லும், காது ஒன்று கேட்கும். யாரும் யார் உதட்டையும் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டார்கள். ஊரில் சண்டை குறைந்துபோனது நிஜம். ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குப் போய்ச் சேர்ந்தால்தானே சண்டை வருவதற்கு?

இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் பெர்பெத்துவாவும் இருந்தாள், ஜோவிட்டாவைக் கால்வாயில் பார்க்கும்வரை.

பள்ளியின் பின்சுவருக்கு அப்பால் புதிதாக ஒரு கால்வாய் வெட்டியிருந்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் மிச்சமாகும் உப்புக் கரைசலைக் கடலுக்குத் திருப்பிவிடுவதற்கு. அகலமான சிமெண்டுக் கால்வாய், இரண்டு பக்கமும் படி. அக்கரையில் மீனவர் குடியிருப்பு. கால்வாய் காய்ந்து கிடந்ததால் குடியிருப்புப் பிள்ளைகள் படியில் இறங்கி ஏறி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பாலம் சுற்றிப் போக யாருக்குப் பொறுமை? நிலையத்துக்காரர்கள் வேலி போடவில்லை. கடைசிப் படிக்குப் பக்கத்தில் ஒரு தூணை நட்டு, தகரப் பலகையில் சிவப்பு வண்ணத்தில் எழுதி மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ‘இறங்காதே. எந்த நேரமும் நீர் திறக்கப்படும்.’ அவ்வளவுதான் அவர்கள் கடமை.

ஒரு சாயங்காலம் பெர்பெத்துவா அந்தப் பக்கம் போனபோது, அவள் வகுப்பு ஜோவிட்டா அந்தப் பலகைக்கு ஒரு முழத் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஆறு வயசு. வகுப்பிலேயே முதலில் வாசிக்கக் கற்றவள். அவளை வாசிக்கச் சொன்னாள் பெர்பெத்துவா. தடங்கல் இல்லாமல் வாசித்தாள். டீச்சர் பொருள் கேட்டாள். அதையும் சரியாகச் சொன்னாள், தண்ணீர் வரும், இறங்கக் கூடாது என்று.

“பொறவு ஏம்ட்டி இறங்கி நிக்க?”

“மாறும் டீச்சர். மூஞ்ச சுளிச்சிட்டுத்தான் நிக்கேன். மேல நின்னா அதுக்கு என் மூஞ்சி தெரியல. அதான் கிட்ட வந்தேன்.”

பெர்பெத்துவாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பலகையில் எழுதியிருந்தது உறைத்தது. பிள்ளையை இழுத்துக்கொண்டு மேலே ஏறினாள். இது தகரம், வண்ணத்தில் எழுதியது, யார் சுளித்தாலும் மாறாது என்று சொன்னாள். ஜோவிட்டா தலையாட்டினாள். காதில் இசைவி இருந்ததே, அவள் என்ன கேட்டாளோ யாருக்குத் தெரியும்? மறுநாளும் அங்கேதான் நின்றாள். இந்த முறை கூட நாலைந்து பேர்.

பலகை மாறவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று பெர்பெத்துவா ஒவ்வொருவரின் இசைவியையும் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள். யாருக்கும் கேள்வியே புரியவில்லை. மாறாத எழுத்தை அவர்கள் பார்த்ததில்லை. நன்றாக வாசித்தார்கள், பொருளும் தெரிந்தது. எழுதினது எழுதினபடியே நிற்கும், நம் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்ளாது என்பது மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத பாடமாகப் போய்விட்டது. இத்தனை வருஷம் வாத்தியார் வேலை பார்த்து இதைக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வருகிற புதன்கிழமை கால்வாயில் நீர் திறக்கிறோம் என்று நிலையத்தின் அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பலகைக்கு எதிராக அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், கதை. வாயால் சொல்கிற கதை. வளையாத கதை ஒன்றைக் கேட்டுவிட்டால் வளையாத எழுத்தும் புரிந்துவிடும் என்று அவள் நம்பினாள். வெள்ளிக்கிழமை காலை கதவைச் சாத்திவிட்டு, பிள்ளைகள் காதிலிருந்த இசைவிகளைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டாள். விளக்குகள் அத்தனையும் மஞ்சளாகின. அவள் காதில் இருந்தது மஞ்சள், மஞ்சள் என்று நச்சரித்தது. போ சனியனே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கதையைத் தொடங்கினாள்.

மணி என்று ஓர் ஆட்டுக்குட்டி. உப்பு லாரி போகிற சாலைக்குப் பக்கத்தில் வீடு. தாய் ஆடு சாலைக்குப் போகாதே என்று சொல்லியிருந்தது. மணிக்கு அந்தப் பக்கம் இருக்கிற முருங்கை மேல் ஆசை. ஒரு நாள் போனது. லாரி வந்தது. மணி செத்துப்போனது.

வகுப்பு அவள் முகத்தையே பார்த்தது. ஒருத்தன் கண்ணைச் சுருக்கினான். பக்கத்தில் இருந்தவளும் சுருக்கினாள். கொஞ்ச நேரத்தில் வகுப்பு மொத்தமும் அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தது. மூக்கு விடைக்க, நெற்றி மடிய, சிலர் நன்றாகத் தெரியட்டும் என்று எழுந்துவந்து அவள் முகத்துக்கு நேரே நின்று சுளித்தார்கள். கோபமில்லை, முரட்டுத்தனமில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் கதையைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது.

“செத்துப் போச்சு,” என்றாள் மறுபடியும். “மாறாது மக்களே. நீங்க எப்படிப் பாத்தாலும் மணி வராது.”

முதலில் ஒரு பிள்ளை வீரிட்டது. பிறகு எல்லாம். ஆட்டுக்காக அழுத அழுகை இல்லை அது. படியென்று நினைத்துக் காலை வைத்த இடத்தில் படி இல்லாமல் போனால் வருகிற அலறல். ஒருத்தி வாந்தி எடுத்தாள். ஒருத்தன் வாளியிலிருந்து எவருடையதோ ஓர் இசைவியை எடுத்துக் காதில் திணித்துக்கொண்டு சுவரோடு சுருண்டுகொண்டான். ஜோவிட்டா மட்டும் சத்தம் போடவில்லை. உதடு நடுங்க வந்து டீச்சரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். பெர்பெத்துவா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு பிள்ளைக்காவது கதை போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னும் நாலைந்து கதை போதும். திங்களும் செவ்வாயும் இரண்டிரண்டு சொன்னால் புதன்கிழமைக்குள் எல்லோரையும் கொண்டுவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

அந்தக் கணக்கு மதியச் சாப்பாட்டு மணி வரைக்கும்கூட நிற்கவில்லை. தலைமை ஆசிரியை தங்கபுஷ்பம் வந்து கதவைத் திறந்தாள், பின்னால் பெற்றோர்கள். பிள்ளைகளைப் பயமுறுத்தினாள் என்று புகார். கல்வி அலுவலரின் உத்தரவில்லாமல் இசைவியைக் கழற்றினால் வேலை போய்விடும் என்று தங்கபுஷ்பம் சொன்னாள். வருத்தமாகத்தான் சொன்னாள், பாவம். மதியமே ஜோவிட்டா காதில் இசைவி ஏறிவிட்டது. சாயங்காலம் மணியைப் பற்றிக் கேட்டபோது, மணி முருங்கை தின்றுவிட்டுப் பத்திரமாக வீட்டுக்கு வந்துவிட்டது என்றாள்.

ஜோவிட்டாவின் அம்மா அன்சிலா நண்டு பதப்படுத்தும் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை பெர்பெத்துவா அவள் வீட்டுக்கே போனாள். கால்வாயைப் பற்றி, பலகையைப் பற்றி, புதன்கிழமையைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். அன்சிலா முகம் மலர்ந்துகொண்டே போனது. பிள்ளையை இவ்வளவு மெச்சுகிற டீச்சரைப் பார்த்ததில்லை என்றாள். பெர்பெத்துவாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் காதிலிருந்ததைத் தானே பிடுங்கி எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள்.

அன்சிலாவின் முகம் வெளுத்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள். எம் பிள்ளையா, எம் பிள்ளையா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாளையிலிருந்து தானே வந்து பாலம் வழியாகக் கூட்டிப் போவதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, நெஞ்சு படபடக்கிறது, தாங்க முடியவில்லை டீச்சர் என்று கையை நீட்டி இசைவியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அழுதவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு முகம் தெளிந்து, டீச்சருக்குக் காப்பி போடட்டுமா என்று கேட்டாள். காதுக்குள் அது என்ன சொல்லிச் சமாதானம் செய்ததோ, மறுநாள் அவள் வரவில்லை.

அன்றிலிருந்து பெர்பெத்துவாவே பள்ளி விட்டதும் குடியிருப்புப் பிள்ளைகளைக் கயிறு பிடிக்கச் சொல்லிப் பாலம் சுற்றிக் கூட்டிப் போனாள். எத்தனை நாளைக்கு? அவளுக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே. வாளியை மறுபடி தூக்கலாமா என்று யோசித்தாள். வேலை போனால் கயிற்றைப் பிடிக்கவும் ஆள் இல்லை. நிலையத்துக்குப் போனாள், வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வேலி என்றால் கல்வித் துறை எழுதிக் கேட்க வேண்டுமாம். கடைசியில் புதன்கிழமை காலை, நடப்பது நடக்கட்டும் என்று கல்வி அலுவலரைப் பார்க்க டவுனுக்குக் கிளம்பினாள். போகும் முன் தங்கபுஷ்பத்திடம், நான் வர நேரமானால் பிள்ளைகளை நீங்கள் கூட்டிப் போக வேண்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற பதில் காதில் விழுந்தது. நிம்மதியாகப் பேருந்து ஏறினாள்.

அலுவலர் பொன்னையா கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பெர்பெத்துவா உட்காரவில்லை.

“ஐயா, மொதல்ல காதுல உள்ளதக் கழத்துங்க. நான் சொல்லுதத நான் சொல்லுதபடியே ஒரு தடவ கேளுங்க.”

அந்தக் குரலைக் கேட்டோ, முகத்தைப் பார்த்தோ, மனிதர் மறுபேச்சில்லாமல் இரண்டையும் கழற்றி மேசையில் வைத்தார். அவள் சொன்னாள். எழுத்தைச் சொல்லிக்கொடுத்தோம், எழுத்துக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொடுக்கவில்லை என்றாள். எல்லாக் கதையும் நம் சொல் கேட்டால், சொல் கேட்காத உலகம் ஒன்று இருக்கிறது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். இன்றைக்கு நீர் திறந்தால் ஜோவிட்டா அந்தப் படியில்தான் நிற்பாள், அவள் கண்ணைப் பார்த்துப் பலகை மாறப்போவதில்லை என்றாள். நீரை நிறுத்துங்கள், வேலி போடச் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் இசைவி இல்லாமல் கதை சொல்ல விடுங்கள் என்று கும்பிட்டாள். சொல்லி முடித்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

 பொன்னையாவின் கண்கூடக் கலங்கியிருந்தது. எழுந்து மேசையைச் சுற்றி வந்து கைகூப்பினார். குனிந்த தலையோடு மெதுவாகப் பேசினார். அவள் காதில் விழுந்தது இதுதான்: “நீங்க சொல்றதுதான் சரி டீச்சர். தண்ணி திறக்க வேண்டாம்னு இப்பவே சொல்லிடுறேன். வேலி போட்ட பிறகு பார்த்துக்கலாம். நாளையிலேர்ந்து நீங்க கதை சொல்லுங்க.”

அவர் தலை நிமிராததை அவள் பார்த்தாள். இத்தனை நாள் கவனிக்காமல் விட்ட வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள். அவர் இன்னும் இரண்டு முறை அதையே சொன்னார், உதடு துடிக்கச் சொன்னார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், சிரித்தாள், அழுதாள். வெளியே வந்து பேருந்துக்குக் காத்திருந்தபோது பசித்தது. இரண்டு வடை வாங்கித் தின்றாள். நாளைக்கு எந்தக் கதை சொல்வது என்று பேருந்து முழுக்க யோசித்துக்கொண்டு வந்தாள். மணியின் அம்மாவைப் பற்றிச் சொல்லலாம். பிள்ளைகள் சுளிக்கும், சுளிக்கட்டும், மெதுவாகக் கூட்டி வந்துவிடலாம்.

பள்ளிக்கு வந்தபோது மணி அடித்துப் பிள்ளைகள் போயிருந்தார்கள். வகுப்பு காலியாக இருந்தது, கயிறு ஆணியில் தொங்கியது. நீர்தான் வரப்போவதில்லையே, கயிறு எதற்கு? வெயிலிலும் அழுகையிலும் முகம் பிசுபிசுத்தது. குழாயடியில் முகம் கழுவிக் குளிர்ச்சிக்குத் தலையிலும் தண்ணீர் விட்டுக்கொண்டாள். காதுக்குள் தண்ணீர் போய் அடைத்தது. இசைவியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

பின்சுவருக்கு அப்பால் ஒரு பெரிய இரைச்சல்.

முதலில் காற்று என்று நினைத்தாள். துடைத்ததை மறுபடி காதில் வைத்தாள், இரைச்சல் இல்லை. எடுத்தாள், இருந்தது. கையிலிருந்த அந்தப் புளியங்கொட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசிரியருக்குத் தருகிற இசைவி எதையும் மடக்காது, தகவல் மட்டும்தான் சொல்லும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதையும் அவள் இசைவியை மாட்டிக்கொண்டுதானே கேட்டாள்?

தங்கபுஷ்பம் வராந்தாவிலிருந்து அவசரமாக இறங்கி வந்தாள்.

“டீச்சர், ஆபீசர் போன் பண்ணாரு. வேலிக்கும் அதிகாரமில்ல, தண்ணிய நிறுத்தவும் எனக்கு அதிகாரமில்ல, மன்னிச்சிருங்கன்னு டீச்சர்கிட்ட திரும்பத் திரும்பச் சொன்னேன், அவங்க கும்பிட்டுச் சிரிச்சிக்கிட்டே போறாங்க, பயமா இருக்கு, கொஞ்சம் பாத்துக்கிடுங்கன்னு சொன்னாரு. நல்லாத்தான இருக்கிய?”

“பிள்ளையள யாரு கூட்டிட்டுப் போனா?”

“காலையிலயே சொன்னேனே, எனக்குக் கூட்டம் இருக்கு, முடியாதுன்னு. நீங்கதான் சரி சரின்னுட்டுப் போனிய.”

பெர்பெத்துவா ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றுகொண்டது, நிற்கவில்லை. கத்திக்கொண்டே ஓடினாள், ஜோவிட்டா, ஜோவிட்டா என்று. சுவரின் முனை திரும்பியதும் கால்வாய் தெரிந்தது. வெள்ளை நுரையோடு கரைசல் பாய்ந்துகொண்டிருந்தது. கீழ்ப்படிகள் மூழ்கிவிட்டன. தூணைச் சுற்றித் தண்ணீர் சுழித்து ஓட, பலகை மட்டும் மேலே நின்றது.

குடியிருப்புப் பிள்ளைகள் படிகளில் நின்றார்கள். முதுகில் பை, காலில் செருப்பு, அழகாக வரிசையாக. ஒரே குரலில் வாசித்தார்கள். “இறங்காதே. எந்த நேரமும் நீர் திறக்கப்படும்.” ஒரு பிழை இல்லை. வாசித்து முடித்ததும் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். காத்திருந்தார்கள். மறுபடி வாசித்தார்கள். பலகைக்கு முகம் தெரியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு படி கீழே இறங்கினார்கள். எல்லோருக்கும் கீழே முழங்கால் தண்ணீரில் ஜோவிட்டா நின்றாள், பாவாடை மிதக்க, கழுத்தை நீட்டிப் பலகையைப் பார்த்துக்கொண்டு.

“மேல வாட்டி! தண்ணி இழுத்துரும், மேல வா!”

ஜோவிட்டா திரும்பிப் பார்த்தாள். டீச்சரைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. கையை ஆட்டினாள். அவள் காதுக்குள் டீச்சர் என்ன சொல்லிக்கொண்டிருந்தாளோ. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு மறுபடி பலகைப் பக்கம் திரும்பினாள்.

பெர்பெத்துவா பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். கால் வழுக்கியது. ஜோவிட்டாவின் பையைப் பிடித்து இழுத்து, தூக்கி, இரண்டு காதிலிருந்தும் இசைவியைப் பிய்த்துத் தண்ணீரில் எறிந்தாள். சத்தம் அப்போதுதான் பிள்ளைக்குக் கேட்டது. உடம்பு விறைத்தது. டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீரிட்டாள். அழு, நல்லா அழு என்று பெர்பெத்துவா அவள் முதுகைத் தடவினாள்.

படியில் நின்ற மற்றவர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அமைதியாகப் பலகையைப் பார்த்துத் திரும்பி மறுபடி வாசிக்கத் தொடங்கினார்கள். அவள் கத்தினாள். ஒருவரும் திரும்பவில்லை. தண்ணீர் ஒரு படி ஏறியது, அவர்கள் ஒரு படி இறங்கினார்கள். ஜோவிட்டாவை ஒரு கையால் இடுப்போடு இறுக்கிக்கொண்டு, பெர்பெத்துவா மறு கையால் எட்டிய முதல் காதைப் பிடித்தாள்.